லேடி பி குட்: 330 டிகிரி சரியென்றால் தளத்தைத் தாண்டிப் போனது எப்படி?

வரைபடப்பிரியன்

1943 ஏப்ரல் 4 அன்று இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்கக் கிளம்பி, திரும்பும்போது காணாமல்போன பி-24டி குண்டுவீச்சு விமானம் 'லேடி பி குட்' பற்றித்தான் கேள்வி. வரிசை எண் 41-24301, அமெரிக்காவின் 376-ஆவது குண்டுவீச்சுப் பிரிவு, 514-ஆவது ஸ்குவாட்ரன். தளம், லிபியாவில் பெங்காசிக்குத் தெற்கே உள்ள சொலுக். ஒன்பது பேருக்கும் அதுதான் முதல் போர்ப்பயணம். கடலில் விழுந்திருக்கும் என்று அப்போது முடிவுகட்டிவிட்டார்கள். 15 வருஷம் கழித்து, தளத்துக்குத் தென்கிழக்கே 700 கிலோமீட்டர் தள்ளிப் பாலைவனத்தில் எண்ணெய் தேடப் போனவர்கள் கண்ணில் பட்டது. இவ்வளவும் தெரியும். புரியாதவை மூன்று.

நள்ளிரவு 12.12-க்கு பைலட் ஹாட்டன், தன் ரேடியோ காம்பஸ் (தள நிலையம் இருக்கும் திசையை முள்ளால் காட்டும் கருவி) வேலை செய்யவில்லை, திசை சொல்லுங்கள் என்று கேட்கிறார். பெங்காசி அருகே உள்ள பெனினா ரேடியோ நிலையம் 330 டிகிரி என்கிறது. எல்லாரும் இதைத் 'தவறான பேரிங்' (வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் அளக்கும் திசைக்கோணம்) என்றே எழுதுகிறார்கள். ஆனால் பெனினாவிலிருந்து நேப்பிள்ஸுக்குக் கோடு போட்டால் ஏறக்குறைய அதே 330 வருகிறதே? அப்புறம் தவறு எங்கே?

இரண்டாவது, அவர்கள் பாராசூட்டில் குதித்த இடத்திலிருந்து 26 கிமீ தள்ளி விமானம் கிட்டத்தட்ட முழுசாகக் கிடந்தது. உள்ளே தண்ணீர், கொஞ்சம் உணவு, ரேடியோ. அதைத் தேடிப் போகாமல் நேர் எதிர்த்திசையில் ஏன் நடந்தார்கள்?

மூன்றாவது, குண்டுவீச்சாளர் வொராவ்கா மட்டும் ஏன் மற்றவர்களோடு சேரவில்லை?

லூப்காரன்

முதல் கேள்விக்கு: 330 தவறே இல்லை. பாதிப் பதில், அவ்வளவுதான்.

நிலையத்தில் திசை பார்க்கும் லூப் (வளைய) ஆன்டெனாவை ஒரு சுற்றுச் சுற்றினால் சிக்னல் இரண்டு இடத்தில் உச்சத்துக்குப் போகும், இரண்டு இடத்தில் அடங்கும். உச்சம் அகலமானது, பத்து டிகிரி முன்பின் இருந்தாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. அடங்குகிற இடம்தான் கூர்மை. அதனால் எல்லா ரேடியோ இயக்குநர்களும் சத்தம் அடங்குகிற இடத்தை வைத்தே பேரிங் எடுப்பார்கள். சிக்கல் என்னவென்றால், அடங்குகிற இரண்டு இடங்களும் சரியாக 180 டிகிரி எதிரெதிரே இருக்கும். வெறும் லூப் தருவது ஒரு கோடு மட்டுமே. விமானம் அந்தக் கோட்டின் எந்த முனையில் இருக்கிறது என்று அது சொல்லாது. 330-உம் 150-உம் லூப்புக்கு ஒன்றுதான்.

இதைத் தீர்க்கப் பக்கத்தில் ஒரு செங்குத்து ஆன்டெனா வைப்பார்கள், சென்ஸ் ஆன்டெனா என்பது அதுதான். லூப்பின் சிக்னலோடு அதன் சிக்னலைச் சரியான அளவில் கலந்தால், சிக்னலைப் பிடிக்கும் வடிவம் எட்டிலிருந்து இதயமாக மாறி ஒரு பக்கம் மட்டும் அடங்கும். அந்த அடக்கம் மழுங்கலானது, எனவே எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய மட்டும் சென்ஸை இணைத்து, பிறகு துண்டித்துவிட்டு, கூர்மையான பேரிங்கைத் தனி லூப்பில் எடுக்க வேண்டும். அன்றிரவு பெனினாவில் இந்தப் பக்கச்சோதனை நடக்கவில்லை என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். விமானம் நேப்பிள்ஸிலிருந்து வருகிறது, நேப்பிள்ஸ் வடமேற்கே இருக்கிறது, எனவே 330. இயக்குநர் அப்படி எடுத்துக்கொண்டதில் யாரும் குற்றம் காண முடியாது. எதிர்பார்த்த எண் கிடைத்தால் யாரும் இரண்டாம் தடவை சுற்றிப் பார்ப்பதில்லை.

'நீ எனக்கு 330-இல் இருக்கிறாய்' என்றால் ஹாட்டன் 150-இல் பறக்க வேண்டும். அவர் ஏற்கெனவே ஏறக்குறைய 150-இல்தான் பறந்துகொண்டிருந்தார். தளத்தைத் தாண்டியபின் அதே 150, தளத்தை விட்டு விலகும் திசை. பதில் அவருடைய எண்ணத்தை உறுதிப்படுத்திவிட்டது, ஆபத்து அங்கேதான்.

சென்ஸ் இல்லாத நிலையத்திலும் வழி உண்டு. விமானத்தை 90 டிகிரி இடப்பக்கம் திருப்பி, அதாவது 060-இல், பத்து நிமிடம் பறக்கச் சொல்லி மறுபடி பேரிங் எடுக்கலாம். பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 50 கிமீ நகரும். விமானம் உண்மையில் வடமேற்கே இருந்தால் பேரிங் 330-இலிருந்து 340, 350 என்று கடிகாரச் சுற்றில் ஏறும். தென்கிழக்கே இருந்தால் 320, 310 என்று இறங்கும். 100 கிமீ தொலைவில் இருந்தால் இந்த மாற்றம் 25 டிகிரிக்கு மேல் வரும், தவறவிடவே முடியாது. இல்லையென்றால் தூரமாக உள்ள இன்னொரு நிலையத்தின் பேரிங்கை வெட்டிப் பார்க்கலாம். அன்று கிடைத்தது ஒரே நிலையத்தின் ஒரே பேரிங்.

இன்னொன்று, இது ஊகம்தான். விமானத்திலிருந்த தானியங்கி ரேடியோ காம்பஸ் உண்மையிலேயே கெட்டிருந்ததா? தளத்தைத் தாண்டியபின் அதன் முள் வாலைக் காட்டும். இன்னும் கடல்மேல்தான் இருக்கிறோம் என்று நம்புகிறவருக்கு, வாலைக் காட்டும் முள் கெட்டுப்போன முள்ளாகத்தான் தெரியும்.

நேவிகேட்டர்_மேசை

லூப்காரன் சொன்னதோடு கடிகாரத்தையும் சேர்க்க வேண்டும். கருவி எதுவும் இல்லாமலே பிடித்திருக்கக்கூடிய தவறு இது.

எண்களைப் பாருங்கள். நேப்பிள்ஸ் பக்கம் போய்ச் சேர்ந்தது இரவு சுமார் 7.50. இருட்டிவிட்டது, இலக்கு தெரியவில்லை, திரும்பினார்கள். சிலர் வேறு இலக்கில் போட்டார்கள், மற்றவர்கள் குண்டுகளைக் கடலில் கொட்டிவிட்டு வந்தார்கள். நேப்பிள்ஸ்–பெனினா நேர்கோடு 1,100 கிமீ. பெனினாவிலிருந்து அவர்கள் குதித்த இடம் 675 கிமீ போல. குதித்தது அதிகாலை 2 மணி. ஆக 6 மணி 10 நிமிடத்தில் 1,775 கிமீ, சராசரி மணிக்கு 288. எரிபொருளைச் சேமித்துப் பறக்கும் பி-24-க்கு இது இயல்பான வேகம். நேப்பிள்ஸ் அருகே கொஞ்சம் வட்டமிட்டிருந்தால், அல்லது பின்காற்று இருந்திருந்தால், எண் மாறும். ஆனால் படம் மாறாது.

அந்த வேகத்தில் 1,100 கிமீ கடக்க 3 மணி 50 நிமிடம். அதாவது இரவு 11.40 வாக்கிலேயே தளம் காலடியில் போய்விட்டது. 12.12-க்குத் திசை கேட்டபோது ஏற்கெனவே 150 கிமீ பாலைவனத்துக்குள்.

மறுமுனையிலிருந்தும் சோதிக்கலாம். 12.12-க்குத் தளத்துக்கு மேலேயே இருந்தார்கள் என்று வைத்தால்கூட, 1 மணி 48 நிமிடத்தில் 675 கிமீ போக மணிக்கு 375 வேண்டும். இன்னும் கடல்மேல் இருந்தார்கள் என்றால் அதற்கும் மேல். எரிபொருள் தீரும் நிலையில் எஞ்சினைத் தணித்து ஓட்டும் விமானத்துக்கு அது ஆகிற காரியமில்லை. எனவே அந்த பேரிங் கேட்கப்பட்டபோதே விமானம் தவறான பக்கத்தில் இருந்தது.

வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பாருங்கள். விமானம் கிடந்த இடம் வடக்கு 26°43′, கிழக்கு 24°01′. பெனினாவிலிருந்து அதன் திசை 149 டிகிரி. 330-இன் நேர் எதிர் 150. ஏழு நூறு கிலோமீட்டர் போயும் கோட்டை விட்டு ஒரு டிகிரிதான் பிசகியிருக்கிறது. பாவம், நேராகத்தான் பறந்திருக்கிறார்கள். அந்தக் கோடு சொலுக்குக்குக் கிழக்கே 25 கிமீக்குள் போகிறது.

நேவிகேட்டர் ஹேஸின் பதிவேட்டில் திரும்பும் பயணத்துக்கான குறிப்புகள் இல்லை. இது எனக்கு 330-ஐவிடப் பெரிய விஷயம். 'நேரக் கணக்குப்படி கரை வந்திருக்க வேண்டும், வரவில்லை' என்று 11.45-க்கு யாராவது ஒரு வரி எழுதியிருந்தால், அரை மணி நேரத்துக்கு மேல் தாண்டியபின் வந்த பேரிங்கை யாரும் அப்படியே விழுங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒன்று: கடும் எதிர்காற்று என்று நினைத்தால் 'இன்னும் கரை வரவில்லை' என்பதும் நியாயமாகவே தோன்றும். கீழே மேகம், போர்க்கால இருட்டடிப்பு. நிலவில்லாத இரவில் கடலும் பாலைவனமும் மேலிருந்து ஒரே கறுப்பு. கீழிருந்து சுட்ட ஒளிக்குண்டுகளையும் அவர்கள் பார்க்கவில்லை.

ஒரு சின்னத் திருத்தம்: துணைப் பைலட் டோனரின் நாட்குறிப்பில் 28 விமானங்கள் என்று இருக்கும். அன்று திட்டமிட்டது 25, முதல் அணியில் 12, இரண்டாவதில் 13. இவர்கள் இரண்டாவது அணியில், புழுதிக்காற்றுக்கு நடுவே கடைசிகளில் கிளம்பியவர்கள். தனித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

வரைபடப்பிரியன்

இரண்டு பேருக்கும் நன்றி. 149 டிகிரி விஷயம் எங்கும் படித்ததில்லை, இப்போதுதான் அளந்து பார்த்தேன், வருகிறது. தரையிறங்கிய பிறகு நடந்ததை யாராவது விளக்குங்கள். கையில் திசைகாட்டி இருந்ததுதானே?

செரீர்

இருந்தது. திசை தெரிந்தது, இடம் தெரியவில்லை. அதனால்தான் வடமேற்கு.

அவர்கள் தலையில் இருந்த வரைபடத்தை யோசியுங்கள். கடைசியாகக் கிடைத்த தகவல்படி தளம் முன்னால், 150-இல். பறந்தார்கள், வரவில்லை. எரிபொருள் தீர்ந்து குதித்தார்கள். குதித்தபோது கீழே கடல் என்றுகூட நினைத்திருக்கலாம். மிதவைச் சட்டைகளோடுதான் குதித்தார்கள். காலில் மண் பட்டதும் 'தாண்டிவிட்டோம், ஆனால் கொஞ்சம்தான்' என்பது இயல்பான முடிவு. வந்த வழியே திரும்பினால் ஓரிரு நாளில் கரையோரச் சாலை. 650 கிலோமீட்டருக்கு மேல் என்று ஒருவருக்கும் தோன்றியிருக்காது. அப்படித் தெரிந்திருந்தால் நடக்கவே ஆரம்பித்திருக்க மாட்டார்கள்.

விமானத்தைத் தேடாததற்கும் இதே நியாயம். ஆளில்லாத குண்டுவீச்சு விமானம் தரையில் மோதினால் மிஞ்சாது என்பதே எதிர்பார்ப்பு. இது விதிவிலக்கு. நான்காவது எஞ்சின் மட்டும் ஓட, மெல்லச் சரிந்து, தட்டையான கூழாங்கல் வெளியில் வயிற்றால் சறுக்கி, இறக்கைக்குப் பின்னால் உடம்பு இரண்டாக முறிந்து நின்றது. தீப்பிடிக்கவில்லை, தீப்பிடிக்க எரிபொருளும் இல்லை. அந்தச் செரீர் நிலம் மைல் கணக்கில் மேசைப் பலகை மாதிரி. வேறெங்கும் விழுந்திருந்தால் நொறுங்கியிருக்கும். 1959-இல் தரைவழியாகப் போனவர்கள் உள்ளே தண்ணீரையும், இன்னும் சுடக்கூடிய இயந்திரத் துப்பாக்கிகளையும், வேலை செய்யும் ரேடியோவையும் பார்த்தார்கள். பாராசூட் ஒன்றுகூட இல்லை. ஆட்கள் உயிரோடு குதித்திருக்கிறார்கள் என்று அதை வைத்துத்தான் தெரிந்தது.

தரையில் எட்டுப் பேர் கைத்துப்பாக்கி சுட்டும் ஒளிக்குண்டு விட்டும் ஒன்றுசேர்ந்தார்கள். இதைச் சரியாகவே செய்தார்கள். வொராவ்கா வரவில்லை. அவர் உடல் 1960 ஆகஸ்டில் கிடைத்தது, பாராசூட் முழுதாக விரியாமல். மூன்றாவது கேள்விக்குப் பதில் அதுதான். அவர் வழிதவறிப் போகவில்லை, தரையைத் தொட்டபோதே இறந்துவிட்டார். டோனர் முதல் நாள் குறிப்பிலேயே ஜானை (வொராவ்காவை) காணோம், மற்ற எல்லாரும் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்.

தண்ணீர்க் கணக்கு: அரைக் குடுவை. அமெரிக்க ராணுவக் குடுவை ஒரு குவார்ட், 946 மில்லி. பாதி என்றால் 473. எட்டால் வகுத்தால் தலைக்கு 59 மில்லி, ஒரு வாய்க்குக்கூடக் காணாது. அதை நாளுக்கு ஒரு மூடி என்று பங்கிட்டார்கள். அந்த வெயிலில் நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு நாளுக்கு 3 லிட்டருக்குக் குறையாமல் இழக்கும். பிறகெப்படி எட்டு நாள்? நடை ஒழுங்குதான். காலை 11.30-க்கு நிறுத்தி, மாலை 5 வரை படுத்து, இரவெல்லாம் நடந்தார்கள். 15 நிமிடம் நடை, 5 நிமிடம் ஓய்வு. பாராசூட் துணி பகலில் நிழல், இரவில் போர்வை. ஏப்ரல் மாதம் என்பதும் உதவியது. இரவில் 2 டிகிரி செல்சியஸ் போலக் குளிர்ந்தது என்று நாட்குறிப்பிலிருந்து தெரிகிறது, வியர்வை நின்றுவிடும். குளிரில் தூங்க முடியவில்லை என்பது அதன் மறுபக்கம்.

8-ஆம் தேதி மணல்மேடுகள் தொடங்கின. கலான்ஷியோ மணற்கடல். கெட்டித் தரை முடிந்து, ஒவ்வொரு அடியும் கால் புதைகிற இடம். வானொலி இயக்குநர் லாமோட்டுக்குப் பார்வை போய்விட்டது, மற்றவர்களுக்கும் கண் மோசம். மணல் ஓயாமல் வீசியது. 9-ஆம் தேதி ஷெல்லி, ரிப்ஸ்லிங்கர், மூர் மூவரும் உதவி தேடிப் பிரிந்து மேலே போனார்கள். ஹாட்டன், டோனர், ஹேஸ், லாமோட், ஆடம்ஸ் ஐவரும் அங்கேயே தங்கினார்கள். கடைசிக் குறிப்பு 12-ஆம் தேதி, உதவி இன்னும் வரவில்லை, இரவு மிகக் குளிர் என்று.

பிற்பாடு யோசிப்பவர்கள் சொல்வது: விமானத்தைத் தேடித் தென்கிழக்கே 26 கிமீ போயிருந்தால் முதல் இரவுக்குள் தண்ணீர். அதுவும் முழுத் தீர்வில்லை. கடலில் தேடிக்கொண்டிருந்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் பறக்கவில்லை. ஆனால் விமானத்தின் நிழலும் தண்ணீரும் ரேடியோவும் சேர்ந்தால் நாட்கள் கூடும், அழைக்கவும் வழி உண்டு. விமானத்தை விட்டு விலகாதே என்ற பாலைவன விதி இங்கே செல்லாது, அவர்கள் விலகியது வானத்திலேயே.

ஏரோ_கிறுக்கன்

சாபம் பற்றி யாரும் எழுதவில்லையே? அதன் பாகங்களைக் கழற்றிப் பொருத்திய விமானங்கள் எல்லாம் விழுந்தன என்பார்களே.

நேவிகேட்டர்_மேசை

எல்லாம் விழவில்லை. இருக்கைக் கைப்பிடி ஒன்றை வைத்திருந்த ராணுவ ஆட்டர் விமானம் சித்ரா வளைகுடாவில் விழுந்தது உண்மை. ஆனால் அந்த உடைசலிலிருந்து எத்தனை பேர் எத்தனை பொருள் எடுத்துப் போனார்கள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்த பாகங்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. வேறு கதை பேசுவோம்.

செரீர்

தேடல் நடந்த முறையையும் சொல்லிவிடுகிறேன், அதிலும் ஒரு பாடம் இருக்கிறது.

1958-இல் டார்சி எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வானிலிருந்து பார்த்துச் சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அந்தப் பகுதியில் காணாமல்போன விமானம் என்று பதிவேட்டில் எதுவும் இல்லை. 1959 பிப்ரவரியில் நில அளவைக் குழு தரைவழியே போய்ச் சேர்ந்தபின்தான் அமெரிக்க ராணுவம் இறங்கியது. அந்தக் கோடை முழுக்கத் தேடினார்கள். கிடைத்தவை ஆட்களின் தடயங்கள்: அம்புக்குறி போல வைத்த பூட்ஸ், கல் வைத்து அழுத்திய பாராசூட் துண்டுகள், மிதவைச் சட்டைகள். தேடி வருபவர்களுக்கு வழிகாட்ட எட்டுப் பேரும் விட்டுப்போனவை. 16 வருஷக் காற்றில் அவை அப்படியே இருந்தன என்றால் கல் வைத்ததால்தான்.

தடம் மணற்கடலின் ஓரத்தில் நின்றது. இதற்கு மேல் தண்ணீரில்லாத மனிதன் போக முடியாது, மணல் மூடியிருக்கும் என்று தேடலை நிறுத்தினார்கள். அந்த ஊகம்தான் தவறு. 1960 பிப்ரவரி 11 அன்று எண்ணெய்க் குழுவினர் ஐவரின் உடல்களையும் கண்டார்கள், விமானத்திலிருந்து ஏறத்தாழ 130 கிமீ தொலைவில், ஒன்றாக. டோனரின் நாட்குறிப்பும் அங்கேதான். மே 12 அன்று ஷெல்லி, மே 17 அன்று ரிப்ஸ்லிங்கர், இருவரும் அதற்கும் அப்பால் மணல்மேடுகளுக்குள். சாகப்போகிறார்கள் என்று கைவிடத்தக்க நிலையில் இருந்தவர்கள் அந்த மணலில் இன்னும் பல பத்துக் கிலோமீட்டர் ஏறி இறங்கியிருக்கிறார்கள். மூர் இதுவரை கிடைக்கவில்லை.

வரைபடப்பிரியன்

உடைசல் இப்போதும் அங்கே இருக்கிறதா? செயற்கைக்கோள் படத்தில் தேடிப் பார்த்தேன்.

லூப்காரன்

இல்லை, தேடாதீர்கள். 1994 ஆகஸ்டில் மிச்சமிருந்ததை லிபியா எடுத்துக்கொண்டு போய் தோப்ருக் பக்கம் வைத்தது. அதற்குள் வந்துபோனவர்கள் பாதியைப் பெயர்த்துவிட்டிருந்தார்கள். சில பொருட்கள் ஓஹாயோ மாநிலம் டேட்டனில் உள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படத்தில் பார்க்கத்தான் வேண்டுமென்றால் 26°43′–24°01′-ஐ வைத்துத் தரையைப் பாருங்கள். ஏன் முழுசாக இறங்கியது என்று புரியும்.